அம்மன் கொடுத்த கண்

கிருஷாந்தி தன்னைப் பெண் பார்க்க வந்தவனை விட்டுவிட்டு, அவனுடைய தாய்மாமனைப் பார்த்துத்தான் சம்மதம் என்று தலையாட்டினாள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பாதகமில்லை. அவளே அதைச் சொல்லிச் சிரித்த நாள் உண்டு. இதற்குப் பிறகு சிரிக்க அதிகம் கிடைக்காது.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணித் தட்டோடு வரச் சொன்னது அவள் அம்மா லெட்சுமி. கரும்பலகை தெரியாமல் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய வயதில் முகத்தில் ஏறிய கண்ணாடி அது. வருசத்துக்கு வருசம் தடித்துக்கொண்டே போனது. அது இல்லாவிட்டால், வாசலில் நிற்பது ஆளா, கொடியில் காய்கிற சேலையா என்று அவளால் சொல்ல முடியாது. அன்றைக்கு, தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நீலமாக ஓர் உருவமும் வெள்ளையாக ஓர் உருவமும் உட்கார்ந்திருந்தன. நீலம் ஒடிசலாக இருந்தது. அதுதான் மாப்பிள்ளை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தரகர் மாயாண்டி, "என்ன தாயி, புடிச்சிருக்கா?" என்று கேட்டதும் நீலத்தைப் பார்த்து வெட்கத்தோடு தலையாட்டினாள். ராகலையிலிருந்து வந்திருந்த அந்தத் தாய்மாமனுக்குப் பேரப்பிள்ளை எடுக்கிற வயது.

"அடிப்பாவி, மாமன்காரன் பேய்முழி முழிச்சான்டி!" அவர்கள் போன பிறகு லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "கண்ணாடி விசயம் மட்டும் அவங்க காதுல விழுந்துறக் கூடாது."

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருசம் மஸ்கெலியாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் வடையைத் தின்றார்கள், தேத்தண்ணியைக் குடித்தார்கள், பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்கள். படி இறங்கும்போது மாப்பிள்ளையின் பெரியம்மா, எல்லார் காதிலும் விழட்டும் என்றே, "இந்தப் புள்ளைக்கு அடுப்படியில யாரு டோர்ச் புடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதும் அந்தக் குரல்தான், எடுத்ததை நிறுவைக்குக் கொண்டுபோய் நிற்கும்போதும் அந்தக் குரல்தான். லெட்சுமி அதை மறக்கவே இல்லை.

நிஜ மாப்பிள்ளை திலக்ஷன், அதாவது வெள்ளைச் சட்டை, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தான். அவன் வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆவணியில் கல்யாணம் என்று பேசிப் பரிசமும் போட்டார்கள். அதற்கு முன்னால் பெண் வீட்டாரின் டயகமத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா காளியாயி தானாகவே சொன்னாள். லெட்சுமிக்குச் சந்தோசம் பாதி, கலக்கம் பாதி. ஒரு தேத்தண்ணி நேரத்துக்குக் கண்ணாடியைக் கழற்றி வைக்கலாம். இரண்டு நாளைக்கு எப்படி வைப்பது?

வழி சொன்னவன் கிருஷாந்தியின் அண்ணன் முத்துலிங்கம். கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்கிறான். "லேசர்னு ஒண்ணு இருக்கும்மா. கண்ணுல போட்டா கண்ணாடியே வேணாம். எங்க முதலாளி மகளுக்குப் பண்ணுனாங்க. தங்கச்சிக்குச் சங்கிலி போடலாம்னு இருந்தேன். அதுக்குப் பதிலா இதைச் செஞ்சு குடுக்கிறேன்," என்றான் போனில்.

கிருஷாந்திக்கு ஆசை இல்லாமல் இல்லை. அக்கரபத்தனையில் பைஸர் நானாவின் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்தாள். மழையில் நனைந்து கடைக்குள் போனால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பனி மூடினால் துடைக்க வேண்டும். வீட்டில் உலை மூடியைத் திறந்தால் ஆவி படிந்து எல்லாம் வெள்ளையாகிவிடும். மருந்துக்கு வருகிற பிள்ளைகள் அவளைக் 'கண்ணாடி மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடும். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. ஆனாலும், காலையில் எழுந்ததும் தலைமாட்டைத் தடவாமல் உலகத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததுண்டு.

லெட்சுமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஆபரேசன்னு யாருக்கும் தெரியக் கூடாது. கண்ணுல ஆபரேசன் பண்ண பொண்ணுன்னா, பொறக்கப்போற புள்ளைக்கும் அப்படித்தானான்னு கேப்பாங்க. அண்ணனப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போ."

வருசப் பிறப்பு வியாபாரம் முடிந்து முத்துலிங்கத்துக்கு லீவு கிடைத்ததும் காரியம் நடந்தது. கண்ணில் மரமரப்புக்கு மருந்து விட்டார்கள். இமையை மூட முடியாமல் ஒரு கம்பியை மாட்டினார்கள். பச்சை வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார்கள். மயிர் கருகுவதுபோல ஒரு வாசனை வந்தது. அது தன் கண்ணிலிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரிவதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டரம்மா சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். முத்துலிங்கம் தங்கச்சிக்குத் தமிழில் சொன்னான். "பாலைக் காய்ச்சி ஆற வச்சா மேல ஆடை படியுதில்ல? அந்த மாதிரி கண்ணு மேல மெல்லிசா ஒரு மூடி எடுத்து, உள்ள லேசர் போட்டு, திரும்ப மூடி வச்சிருக்காங்களாம். தையல் எல்லாம் இல்லயாம். அதுவா ஒட்டிக்குமாம். ஒரு மாசத்துக்குக் கண்ணைக் கசக்கவே கூடாது. குளிக்கிற தண்ணி, அடுப்புப் புகை எதுவும் படக் கூடாது. அந்த ஆடை நகந்துச்சுன்னா அன்னைக்கே ஓடி வரணும். அன்னைக்கே வந்தா நேர் பண்ணிருவாங்களாம். நாள் போனா மடிப்பு விழுந்து நின்னுருமாம்."

டாக்டரம்மாவுக்கு அது போதவில்லை. கிருஷாந்தியின் இரண்டு கைகளையும் பிடித்து மடியில் வைத்து, "தண்ணி எபா. கை எபா. ஹரித?" என்றார். வேண்டாம், வேண்டாம், சரியா என்று சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல. கிருஷாந்தி தலையாட்டினாள். இந்தத் தடவை சரியான ஆளைப் பார்த்துத்தான் ஆட்டினாள்.

மறுநாள் காலை அண்ணனின் அறையில் கண்விழித்தாள். வழக்கம்போல் கை தலைமாட்டில் கண்ணாடியைத் தேடியது. கை தேடிக்கொண்டே இருக்க, கண் மேலே நின்ற மின்விசிறியின் இறக்கையில் படிந்திருந்த தூசியைப் பார்த்துவிட்டது. தூசிக்குப் பக்கத்தில் ஒரு பல்லி. பல்லியின் விரல்கள். அவளுக்கு அழுகை முட்டியது. கண்ணீரைத் துடைக்கக் கூடாதே என்று, அழாமல் வாயைத் திறந்து மூச்சு விட்டபடி கிடந்தாள். ஊருக்கு வருகிற வழியெல்லாம் மழை. பஸ் ஜன்னலில் வழிகிற தண்ணீருக்கு அந்தப்பக்கம் தேயிலைத் தூர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடின. துடைக்க ஒன்றுமில்லாத முகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பொய் பிறந்தது பீலிக்கரையில். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களில் ஒருத்தி, "என்ன லெட்சுமி, ஒம் மக கண்ணாடியக் காணோம்? வெறுங்கண்ணோட கோழிய வெரட்டுது?" என்று கேட்டாள். லெட்சுமி என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது வந்துவிட்டது.

"ஆத்தாதான் குடுத்தா. சின்னதுல வெள்ளிக் கண்ணு நேந்து வச்சிருந்தேன். இப்பத்தான் அவளுக்கு மனசு எறங்குச்சு."

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பேச்சு பீலிக்கரையிலிருந்து லயத்துக்கு வந்தது, லயத்திலிருந்து வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போனது, சாயந்தரத்துக்குள் பூசாரியின் காதுக்கும் போய்விட்டது.

"ஏம்மா இப்படிச் சொன்னீங்க?" என்று கிருஷாந்தி கேட்டாள்.

"என்னா பொய் சொல்லிட்டேன்? நேந்தது நெசந்தானே. அந்த டாக்டர் கையப் புடிச்சு நடத்துனது யாருங்கிற?"

லெட்சுமி மகளை ஏமாற்றப் பேசவில்லை. அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையே ஹட்டனுக்குப் போய் ஒரு சோடி வெள்ளிக் கண் வாங்கி வந்து, தப்புக் கொட்ட, லயமே பார்க்க, அம்மன் பாதத்தில் வைத்தாள். பூசாரி அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். கிருஷாந்தி கோயில் வாசலில் நின்றாள். ஒவ்வொருத்தராக வந்து அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இனி இந்தப் பேச்சைத் திருப்ப முடியாது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்தது.

திலக்ஷன் தினமும் போன் பண்ணுவான். ஒருநாள், "ஒங்க பழைய போட்டோ ஒண்ணு ஃபேஸ்புக்ல பாத்தேன். கண்ணாடி போட்டிருக்கீங்க," என்றான்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். காம்பராவில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் இருக்காது. கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"அது... சும்மா ஸ்டைலுக்குப் போட்டது."

"அப்படியா? நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அவன் ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரனின் கதைக்குப் போய்விட்டான்.

கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. அம்மா சொன்ன பொய் அம்மாவுடையது, இது என்னுடையது என்று கிருஷாந்தி நினைத்துக்கொண்டாள்.

திருவிழா வந்தது. ஒரு மாதம் ஆக இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. தீ மிதிக்கிற இடத்துக்கு அவள் போகவில்லை. தேர் இழுக்கும்போது தூசி பறக்கும் என்று காம்பரா வாசல் இஸ்தோப்பிலேயே நின்றாள். வெயிலுக்குப் போடச் சொல்லிக் கொழும்பில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை லெட்சுமி எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டாள். "ஆத்தா குடுத்த கண்ணுக்கு எதுக்குடி மறைப்பு? கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

காளியாயி வந்திருந்தாள். நல்ல மனுசி. வெள்ளை மனசு. வரும்போதே மருமகளுக்குச் சேலை, வளையல், ராகலைக் கேரட் ஒரு பை எல்லாம் கொண்டுவந்தாள். வந்த அன்றே லயத்துப் பெண்கள் அவளிடம் அம்மன் கண் கொடுத்த கதையைச் சொல்லிவிட்டார்கள். லெட்சுமி பயந்து போய் நின்றாள். காளியாயியோ கிருஷாந்தியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "என்னைப் பெத்த தாயே! இப்படி ஒரு புள்ள எங்க வீட்டுக்கு வாறதுக்கு நாங்க என்ன புண்ணியம் பண்ணுனோம்!" என்று நெட்டி முறித்தாள். லெட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைசி நாள் மஞ்சத்தண்ணி. நம் ஊர்த் திருவிழா உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு யாரும் யார் மேலும் ஊற்றலாம், கோபிக்கக் கூடாது. மச்சான்மாருக்கும் கொழுந்திமாருக்கும் கொண்டாட்டம். காலையிலிருந்து கிருஷாந்தி தலைவலி என்று காம்பராவின் மூலையில் படுத்திருந்தாள். கதவுக்கு வெளியே சிரிப்பும் ஓட்டமும் வாளிச் சத்தமுமாக இருந்தது.

மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு காளியாயி வந்தாள். நனைந்த சேலை, மஞ்சள் முகம், கையில் ஒரு செம்பு.

"ஊருக்கே அம்மா தண்ணி ஊத்துறா, அவ கண்ணு குடுத்த புள்ள உள்ள படுத்திருக்கலாமா? எந்திரி தாயி. பூசாரிகிட்டக் கேட்டு, கும்பத்துத் தண்ணியே வாங்கியாந்திருக்கேன்."

"அத்த, வேணாம் அத்த. எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது."

"இந்தத் தண்ணி பட்டா தடிமன் ராகலைக்கு ஓடிரும்."

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். யாரோ கையைப் பிடித்து எழுப்பினார்கள். வாசல் வரைக்கும் கூட்டி வந்துவிட்டார்கள். கிருஷாந்தி அம்மாவைத் தேடினாள். லெட்சுமி படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். மகளின் பார்வை அவளுக்குப் புரிந்தது. கல்லையே பெயர்க்கிற பார்வை அது. லெட்சுமி ஒரு காலைப் படியில் வைத்தாள். வாயைத் திறந்தாள். பக்கத்தில் பூசாரி நின்றார். திலக்ஷனும் அவனுடைய தாய்மாமனும் நின்றார்கள். வெள்ளிக் கண்ணைத் தொட்டுக் கும்பிட்ட லயமே நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டு, லெட்சுமி தலையைக் குனிந்து சேலை முந்தானையைப் பிழிந்தாள். காய்ந்துபோன முந்தானை அது.

'ஆபரேசன்' என்ற ஒரு சொல்தான். அதைச் சொன்னால் அம்மா அந்த இடத்தில் சாமி பேரில் பொய் சொன்னவளாகிவிடுவாள். கிருஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு கண்களை இறுக்கி மூடினாள்.

தலையில் ஊற்றிய தண்ணீர் முகத்தில் இறங்கியது. அதோடு போயிருந்தால் தப்பியிருப்பாள். செம்புக்கு அடியில் தங்கின மஞ்சளையும் வேப்பிலையையும் காளியாயி கட்டை விரலால் வழித்தெடுத்தாள். "கண்ணுல படட்டும், கண்ணுல படட்டும்" என்று இரண்டு இமை மேலும் வைத்து, அழுத்தி, பாசத்தோடு தேய்த்தாள். இடது கண்ணில் ஏதோ வழுக்கியது. கிருஷாந்தி அலறப் போனாள். அதற்குள் கண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது.

"பாருங்கடி, ஆத்தா எறங்குறா! கண்ணு கலங்குது பாருங்க!"

யாரோ குலவை போட்டார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் நின்று அழுதாள்.

உள்ளே போய்ச் சுத்தமான பஞ்சால் ஒற்றிவிட்டுப் பார்த்தாள். வலது கண்ணில் எல்லாம் இருந்தபடி இருந்தது. இடது கண்ணில் கதவுக்கு இரண்டு விளிம்பு. மண்ணை அள்ளிப் போட்டதுபோல உறுத்தல்.

"ஆடை நகந்திருச்சும்மா. இன்னைக்கே போகணும். அன்னைக்கே வரணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"மஞ்சத்தண்ணி பட்டா யாருக்குத்தான் எரியாது? சொட்டு மருந்த விடு. நாளைக்குக் கெடா விருந்து. மத்தியானம் சாப்பிட்டதும் அவங்க கௌம்பிருவாங்க. ஒடனே போயிரலாம்டி, என் தங்கமில்ல? இப்பப் போனா என்னான்னு சொல்லிட்டுப் போவ?"

கிருஷாந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். யாரையும் கேட்காமல் பஸ் ஏறிவிடுவது என்று துணிந்துதான் இறங்கினாள். ரோட்டோரத்து மதகில் திலக்ஷன் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கௌம்பிட்டீங்க? ஐயோ, கண்ணு என்னா இப்படிச் செவந்திருக்கு?"

"மஞ்சத்தண்ணி."

"அம்மா சும்மா இருக்க மாட்டாங்க. ரொம்ப வலிக்குதா? வாங்க, பைக்ல டொக்டர்கிட்டப் போவோம். ஆத்தா குடுத்த கண்ணுங்கிறாங்களே, நெசமாவே ஏற்கெனவே கண்ணுல ஏதாவது பிரச்சினை இருந்துச்சா?"

கேட்டுவிட்டான். சும்மா, அக்கறையாகக் கேட்டான். இதைவிட நல்ல நேரம் யாருக்கும் வாய்க்காது. 'ஸ்டைலுக்குப் போட்டது' என்று தான் சொன்ன குரல் அவள் காதில் கேட்டது. அதற்கு அவன் சொன்ன 'நல்லாத்தான் இருந்துச்சு' என்பதும் கேட்டது.

"இல்ல. ஒண்ணுமில்ல. சரியாப்போயிரும்," என்று சொல்லிவிட்டு வந்த வழியே லயத்துக்கு ஏறினாள்.

விருந்து நடந்தது. ஆனால் மத்தியானம் கிளம்ப வேண்டியவர்களை மழை பிடித்துக்கொண்டது. பஸ் இல்லை என்று இன்னும் ஒரு நாள் இருந்தார்கள். கிருஷாந்தி பரிமாறினாள். அண்ணனிடமிருந்து போன் வந்தபோது, பக்கத்தில் காளியாயி இருந்ததால், "நல்லா இருக்கேண்ணே" என்றாள். அவர்கள் போய், அவள் கொழும்பு போய்ச் சேரும்போது இடது கண்ணில் சீழ் வைத்திருந்தது.

டாக்டரம்மா மூடியைத் தூக்கிக் கழுவினார். மருந்து விட்டார். திரும்பத் திரும்ப வரச் சொன்னார். கடைசியில் ஒருநாள் கருவிக்குப் பின்னாலிருந்து முகத்தை எடுத்து, "அன்னைக்கே ஏன் வரல?" என்று சிங்களத்தில் கேட்டார். முத்துலிங்கம் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. கருவிழியின் நடுவில் ஒரு தழும்பு விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. கண்ணாடி போட்டாலும் தெரியாது.

லயத்தில் அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள். நேர்த்திக்கடனில் ஏதோ குறை. வெள்ளிக் கண் சுத்த வெள்ளியா என்று ஒருத்தி கேட்டாள். தீட்டோடு கோயில் வாசலில் நின்றிருப்பாள் என்று இன்னொருத்தி சொன்னாள். கொடுத்தவள் கோபித்து ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டாள் என்று முடிவாகிவிட்டது. லெட்சுமி பீலிக்கரைக்குப் போவதை விட்டுவிட்டாள்.

ஆடி பிறந்ததும் மாயாண்டி வந்தார். பரிசச் சேலையைத் திரும்ப வாங்கிப் போக வந்தார். கொடுத்த தேத்தண்ணியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தம்மா அழுவுறாங்க. நல்ல புள்ளைங்கிறாங்க. ஆனா பயப்படுறாங்க. அம்மன் குத்தம் இருக்கிற வீடுன்னு..."

"அம்மன் எடுக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல," என்றாள் கிருஷாந்தி. "கொழும்புல லேசர் ஆபரேசன் பண்ணுனது. அது ஆறுறதுக்குள்ள அவங்க கையாலதான் தேச்சாங்க. அப்படியே போய்ச் சொல்லுங்க."

லெட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாயாண்டி தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"இதை இத்தோட விட்டுரு தாயி. அம்மன் குத்தம்னா ஒரு பூசையப் போட்டுத் தீத்துக்கலாம். நாளைக்கு வேற எடம் பாக்கலாம். சாமி பேர்ல பொய் சொன்ன குடும்பம்னா, ஒரு பயலும் படியேற மாட்டான். எங் காதுல ஒண்ணும் விழல."

சேலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே அவள் திலக்ஷனுக்கு எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் எழுதினாள். கண்ணாடி, லேசர், வெள்ளிக் கண், மஞ்சள், மதகடியில் சொல்லாமல் விட்டது, எல்லாம். அவன் படித்துவிட்டான் என்று நீலக் கோடு விழுந்தது. மறுநாள்தான் பதில் வந்தது. 'அந்த போட்டோ பத்தி நான் கேட்டேனே.' அவ்வளவுதான். பிறகு எதுவும் வரவில்லை.

பைஸர் நானா அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். "வாங்க மகள், ஒங்கட எடம் அப்படியே இருக்கி," என்றார். மருந்துப் பெட்டியின் சின்ன எழுத்தை வாசிக்கிற வேலையை மட்டும் பேசாமல் தன் மகள் ஷப்னாவிடம் கொடுத்தார். ஒரு கண்ணால் அவளுக்கு வாசிக்க வரும். அதை அவரிடம் சொல்லிச் சண்டை பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. காசு மேசையில் உட்கார்ந்துகொண்டாள்.

கொழும்பில் அவளுக்கு ஒரு கண்ணாடி கொடுத்திருந்தார்கள். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. மிச்சமிருக்கும் நல்ல கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாது என்று, தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்கச் சொன்னார்கள். மருந்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? "கண்ணாடி மிஸ்ஸி வந்துட்டாங்க!" என்று குதித்தன.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். மழைத்தூறலில் கண்ணாடி நனைந்திருந்தது. கழற்றி மடியில் வைத்திருந்தாள். லெட்சுமி கோயிலிலிருந்து வந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் போயிருந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் மஞ்சளும் தீர்த்தமும் இருந்தது.

"இன்னொரு சோடி கண்ணு நேந்திருக்கேன்டி. இந்தத் தடவ தங்கத்துல செஞ்சு வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன். கண்ண மூடு."

மஞ்சள் விரல் இடது கண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. கிருஷாந்தி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கப் பிடிக்கவில்லை. விடவும் இல்லை.

"வேணாம்மா."

லெட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். உதடு கோணியது.

"இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, இவ்வளவும் வந்திருக்குமாடி?" என்று கேட்டாள்.

கிருஷாந்தி கையை விட்டாள். லெட்சுமி உள்ளே போனாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் தொடங்கியது. கிருஷாந்தி தாவணித் தலைப்பை எடுத்து, நல்ல கண்ணின் பக்கத்துக் கண்ணாடியை நீர்த்துளி போகத் துடைத்தாள். பிறகு மற்றதையும், அதே அளவு நேரம் எடுத்து, துடைத்து மாட்டிக்கொண்டாள்.